பார்த்துக்கொண்டே இருந்தால் வரைய வருமா?

கேள்வி: கோபியிலிருந்து ஒரு வாசகர், ஜூலை 28

ஈரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, சீர், கண்ணீர் அஞ்சலி, கட்சி என்று நாள் முழுக்க ஒரே அச்சு. மனசுக்குப் பிடித்து ஏதாவது வரையலாம் என்று ராத்திரியில் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. சுவரோவியம், இல்லஸ்ட்ரேஷன், தெருப் புகைப்படம் என்று இன்ஸ்டாகிராமிலும் பின்டெரஸ்ட்டிலும் ஆயிரக்கணக்கில் சேமித்து வைத்திருக்கிறேன். பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது, மூடினால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நேரில் பார்க்க நம் பக்கம் ஏதாவது இருக்கிறதா, இல்லை சென்னை, டெல்லி என்று கிளம்ப வேண்டுமா?

ஜூலை 28, இரவு

சென்னை, டெல்லியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தச் சேமிப்பைக் கொஞ்ச நாளைக்குத் திறக்காதீர்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் கலர் பிரிக்கிற வேலையில் இருக்கிறேன். எனக்கும் இதே வியாதி உண்டு, முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பலன் கொடுத்தது ஒன்றுதான்: நல்ல படம் ஒன்றைப் பார்த்தால், அதை வரைந்தவர் எதில் மாட்டிக்கொண்டு அப்படி வரைய நேர்ந்தது என்று தேடுவது. சுவர் எப்படிப்பட்டது, கையில் என்ன கலர் இருந்தது, எவ்வளவு நேரம் கிடைத்தது, யார் விரட்டினார்கள். அது தெரிந்துவிட்டால் நம்மாலும் ஆகிற வேலை என்று தோன்றிவிடும். அதுவரை வெறும் பிரமிப்புதான், பிரமித்துப் போனவனுக்குக் கை ஓடாது.

நாளையிலிருந்து இந்த இணைய இழையிலேயே விளக்கமாக எழுதுகிறேன், மற்றவர்களும் கேட்கலாம். இன்று ஷிப்மென்ட், கண் சொருகுகிறது.

ஜூலை 29

கருப்பு பனியனில் ஆரம்பிக்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். டிசைனை ஃபிலிமில் கருப்பாக எடுத்து, மருந்து தடவிய வலைத்துணிமேல் வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து இறுகிவிடும். கருப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும், தண்ணீர் அடித்தால் கரைந்து வழிவிடும். அந்த வழியாகப் பேஸ்ட்டை ரப்பர் கட்டையால் இழுத்தால் துணியில் படம். ஆறு கலர் என்றால் ஆறு ஸ்கிரீன், ஆறும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை தப்பாமல் உட்கார வேண்டும். ஒவ்வொரு கலருக்கும் தனிக் காசு. பனியன் வாங்குகிற பையர் அனுப்புகிற பன்னிரண்டு கலர் படத்தை நான்கில் எப்படி முடிப்பது என்பதுதான் என் பிழைப்பு.

கருப்புத் துணியில் இன்னொரு சங்கடம். மஞ்சளை நேராகப் போட்டால் துணி விழுங்கிவிடும். முதலில் வெள்ளை அடித்து, லேசாகச் சூடு காட்டி, அதன்மேல்தான் மஞ்சள். வெளிச்சமான இடம் ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் செலவு. இந்தக் கணக்கில் பழகிய பிறகு படம் பார்க்கிற கண்ணே மாறிப்போனது. எந்தப் போஸ்டரைப் பார்த்தாலும், அடியில் இருக்கிற நிறத்தை எங்கே சும்மா விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். கெட்டிக்காரன் கருப்புத் துணியில் யானை வரைந்தால் முதுகுக்கு ஒரு கோடு, தந்தம், கண், அவ்வளவுதான் அச்சடிப்பான். மீதி யானை துணியாகவே இருக்கும். பார்க்கிறவன் முழு யானையைப் பார்ப்பான், முதலாளி இரண்டு கலருக்குக் காசு கொடுப்பார். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஜூலை 30

கருப்பு பற்றியே இன்னும் கொஞ்சம்.

அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கின் படங்களை நீங்கள் பேர் தெரியாமலாவது பார்த்திருப்பீர்கள். தவழ்கிற குழந்தை, குரைக்கிற நாய், தடித்த ஒற்றைக் கோடு. 1980-க்கும் 85-க்கும் இடையில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், காலம் முடிந்த விளம்பரங்களின்மேல் கருப்புத் தாளை ஒட்டி வைத்திருப்பார்கள். அடுத்த விளம்பரம் வரும்வரை அது சும்மா கிடக்கும். அவர் வெள்ளைச் சாக்பீஸால் அதில் வரைந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிப் போய்விடுவார். போலீஸ் பார்த்தால் அபராதம், சமயத்தில் கைது. அந்தத் தாளில் அழித்து வரையவும் முடியாது. அந்தக் கோட்டில் தயக்கம் என்பதே இல்லாமல் போனதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். நிழல் அடித்துக்கொண்டு நிற்க அவருக்கு நேரம் ஏது?

இன்னொன்று நம் பக்கத்திலிருந்தே. சென்னைப் பதிப்பகம் தாரா புக்ஸ், கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைக் கையால் செய்த கருப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டில் அச்சிட்டுப் புத்தகமாக்கியிருக்கிறது. எங்கள் பிரிண்டிங் டேபிள் வேலையேதான், துணிக்குப் பதில் தாள். கிடைத்தால் வாங்கி, பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மை லேசாக மேடு தட்டும். உங்கள் ஃபோனில் இதே படம் கிடைக்கும், மேடு கிடைக்காது.

ஆகஸ்ட் 2

நேரில் பார்க்க என்ன இருக்கிறது என்றீர்கள். கோயம்புத்தூர் உக்கடம் போங்கள். டெல்லி லோதி காலனியிலும் சென்னை கண்ணகி நகரிலும் பெரிய சுவரோவியங்கள் வரையவைத்த ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, உக்கடத்தில் குடியிருப்புக் கட்டடங்களின் சுவர்களிலும் ஓவியர்களைக் கொண்டுவந்து வரையவைத்தது. ஏசியன் பெயிண்ட்ஸ் கூடச் சேர்ந்து செய்தது.

தள்ளி நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். கிட்டே போங்கள். ஃபோனில் சமதளமாகத் தெரிகிற படம் அங்கே சமதளமே கிடையாது. பூச்சு பெயர்ந்த இடம், ஜன்னல் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சன்ஷேட், மாடியிலிருந்து இறங்குகிற கழிவுநீர்க் குழாய், கேபிள் வயர், கொடியில் காயும் லுங்கி. குழாய்மேலும் படத்தின் கலரையே அடித்திருப்பார்கள். எதிரே நின்றால் குழாய் காணாமல் போகும், இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் படம் உடைந்து குழாய் தனியாக எழுந்து நிற்கும். நான் அங்கே ரொம்ப நேரம் பார்த்தது அந்த ஒரு குழாயைத்தான்.

இவ்வளவு பெரிய சுவரில் அளவு தப்பாமல் எப்படி வரைகிறார்கள் என்று முன்பெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வேன். கட்டம் போடுவது பழைய வழி. இப்போது நிறையப் பேர் செய்வது வேறு: வெறும் சுவரில் வாய்க்கு வந்தபடி எழுத்து, சுழி, அம்புக்குறி, குழந்தைக் கிறுக்கல் என்று நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கிறுக்கிய சுவரை ஃபோட்டோ எடுத்து, ஃபோனிலோ டேப்பிலோ அதன்மேல் தங்கள் படத்தை மெல்லிசாகப் படரவிடுகிறார்கள். மூக்கு நுனி அந்தக் கோணல் சுழியில் வருகிறதா, சரி, சாரத்தில் ஏறி அந்தச் சுழியைத் தேடி அங்கே மூக்கு. நேர்க்கட்டத்தில் எல்லாக் கட்டமும் ஒன்றுபோல இருப்பதால் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். கிறுக்கலில் ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு விதம், அதனால் வழி தப்பாது. முதல் நாள் மட்டும் தெருக்காரர்கள் சுவரை நாசம் பண்ணிவிட்டான் என்றுதான் நினைப்பார்களாம்.

ஒன்று மட்டும். அது ஜனங்கள் குடியிருக்கிற இடம். யாரையாவது படம் பிடிப்பதானால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஆகஸ்ட் 3

சேலத்திலிருந்து ஒருவர், சேலம் கொங்கு நாட்டில் சேர்த்தியா இல்லையா என்று கேட்டு இழையை அந்தப் பக்கம் திருப்பப் பார்க்கிறார். சாமி, அந்தச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். படம் இருந்தால் போடுங்கள், எந்த ஊரானாலும் பார்ப்போம்.

ஆகஸ்ட் 5

உக்கடம் மாதிரிப் பெரிய சுவரெல்லாம் எப்போதோ ஒன்று. தினமும் பார்க்கக் கிடைப்பது ரோட்டோரச் சுவரெழுத்து.

பல்லடம் ரோட்டில் ஒரு தோட்டத்துக் காம்பவுண்டில் முறுக்குக் கம்பி விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர். நீலப்பொடியில் தோய்த்த நூலை ஆளுக்கு ஒரு முனையாக இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. பட்டென்று நீலக்கோடு விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான் அளவு. அதற்குப் பிறகு பட்டைப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முதல் எழுத்தை எழுதினார் பெரியவர். இரண்டாவது எழுத்துக்குப் போகாமல் நேரே சுவரின் அந்தக் கோடிக்கு நடந்து கடைசி எழுத்தை எழுதினார்.

"ஏனுங்ணா, நடுவுல உட்டுட்டுப் போறீங்க?"

"கடேசீல எடம் பத்தலீன்னா எழுத்து நசுங்கிப் போயிருமுங் தம்பி. ரெண்டு ஓரத்தையும் புடிச்சுட்டம்னா நடுவுல முன்னப்பின்ன பண்ணிக்கலாம். பஸ்ஸுல போறவன் நடுவுலயா பாக்கறான்?"

இதை எனக்கு எந்த டிசைன் வீடியோவும் சொல்லித் தரவில்லை. அடுத்த நாளே ஒரு நெஞ்சுப் பிரிண்ட்டில் செய்து பார்த்தேன். இரண்டு ஓரத்து எழுத்தையும் முதலில் அழுத்தமாக நிறுத்திவிட்டு நடுவை அதற்குள் ஒதுக்கினேன். முன்பெல்லாம் இடமிருந்து வலமாக அடுக்கி, கடைசியில் இழுத்து நீட்டிச் சரிக்கட்டுவேன்.

கோபிக்காரரே, உங்கள் ஃபிளெக்ஸில் 'வருக வருக'வுக்கும் இது ஆகும்.

ஆகஸ்ட் 6

எதிர்பார்த்ததுதான். "கம்பி விளம்பரத்தைத் தெரு ஓவியம் என்று சொல்வதா, அது கூலி வேலை" என்று ஒருவர்.

கூலி வாங்கினால் கலை இல்லையென்றால் கோயில் சிற்பம் முழுக்கத் தள்ளுபடி. கோயம்புத்தூரின் கதையே கூலி ஓவியத்தில்தானே இருக்கிறது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டுகிற மெஷினை வாங்கி ஊர் ஊராகப் போனார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். ரோட்டுக்கு இன்றும் அந்தப் பேர்தான். தியேட்டர் பெருகிய ஊரில் பேனர் ஓவியர்களும் பெருகினார்கள். சினிமா பேனர் வரைந்த குடும்பத்தில் வந்தவர்தான் ஓவியர் ஜீவா. சினிமா பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்குத் தேசிய விருதே கிடைத்தது.

பேனர் ஓவியர்கள் முகத்தில் பச்சை, ஊதா, ரோஸ் எல்லாம் இழுப்பார்கள். பக்கத்தில் பார்த்தால் காயம் பட்ட முகம் மாதிரி இருக்கும். எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தால் ரத்தமும் சதையுமாகத் தெரியும். பார்க்கிறவன் எவ்வளவு தூரத்தில் நிற்பான் என்பதை வைத்துக் கலர் போட்டவர்கள். உங்கள் ஃபிளெக்ஸ் கடையில் இந்த ஒரு விஷயம்தான் செத்துப்போனது என்பேன். இப்போது எல்லாரும் மானிட்டரில் ஒரு முழத் தூரத்தில் பார்த்து ஓகே சொல்கிறார்கள், தொங்குவது இருபதடி உயரத்தில்.

ஆகஸ்ட் 7

லாரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று ஒரு நாமக்கல் வாசகி குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம் பாடி கட்டுகிற பட்டறைகளில் பின்பலகையில் எழுதுகிறவர்களைப் பாருங்கள். கதவு திறக்கிற கீல், போல்ட், சங்கிலி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு எழுத்து ஓடும். படமும் அசையும், பார்க்கிறவனும் அசைவான்.

அசைகிற வண்டியில் படம் என்றால் இன்னொன்று: ஜே.ஆர். என்ற பிரெஞ்சுத் தெருக்கலைஞர் 2009-ல் கென்யா தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஒரு வேலை செய்தார். அங்குள்ள பெண்களின் கண்களை மட்டும் பெரிதாக அச்சடித்து ரயில்பெட்டிகளின்மேல் ஒட்டினார். முகத்தின் கீழ்ப்பாதியைத் தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் தகரத்தில் ஒட்டினார். ரயில் கடக்கிற சில விநாடிகளுக்கு மட்டும் கண்ணும் வாயும் சேர்ந்து முழு முகமாகும். கூரைகளின்மேலும் படங்களை விரித்தார். அதற்குக் காகிதம் போடவில்லை, தண்ணீர் இறங்காத ஷீட். மழை ஒழுகாமல் இருக்கட்டும் என்றுதான் ஜனங்களும் சம்மதித்தார்களாம். அதாவது நம்ம ஃபிளெக்ஸ்! பழைய ஃபிளெக்ஸை மாட்டுச்சாளைக்குப் போர்த்துகிற கொங்குக்காரனுக்கு இது ஆச்சரியமே இல்லை.

ஆகஸ்ட் 10

அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தேன். குதிரைச் சந்தை. மனிதரைவிடக் கேமரா அதிகம். குதிரை முன்னங்காலைத் தூக்குகிற அந்த ஒரே நொடிக்கு வட்டமாக நின்றுகொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் கிளிக். எல்லார் ஃபோனிலும் இன்று ஒரே படம்.

நானும் அதைத்தான் எடுத்தேன், பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வெயில் தாங்காமல் ஒரு கரும்புச்சாறுக் கடை ஓரமாக ஒதுங்கினேன். கடைக்கு முன்னால் மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தது, உள்ளே இருந்து பார்த்தால் வெளியே போகிற குதிரை, ஆள், பலூன் எல்லாம் மஞ்சளுக்குள் மங்கலாக நகர்ந்தன. அப்போது புகைப்படக்காரர் சால் லைட்டர் நினைவுக்கு வந்தார். ஓவியனாக வேண்டும் என்று 1946-ல் நியூயார்க் வந்தவர், காசில்லாமல் காலாவதியான கலர் ஃபிலிமை வாங்கி, தான் குடியிருந்த தெருக்களிலேயே சுற்றிச் சுற்றி எடுத்தார். ஆவி படிந்த கண்ணாடி, பனி, குடை ஓரம், கடைக் கதவின் இடுக்கு. பாதிப் படத்தில் பாதி மறைந்திருக்கும். உலகம் அவரைக் கண்டுகொண்டது அவருடைய கிழவயதில்.

மஞ்சள் ஷீட் வழியாகக் கொஞ்சம் எடுத்தேன். ஒன்று தேறும். குதிரையின் காது மட்டும் ஷீட்டுக்கு மேலே கூர்மையாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் மஞ்சள் கரைசல்.

ஆகஸ்ட் 11

மஞ்சள் ஷீட் மாதிரி ஃபில்டர் போட்டு எடுத்தால் அது நிஜப் புகைப்படமா என்று கேட்டவருக்கு:

ஹாங்காங் புகைப்படக்காரர் ஃபேன் ஹோ 1954-ல் எடுத்த படம் ஒன்று உலகப் பிரசித்தம். வெள்ளைச் சுவர், அதன் குறுக்கே முக்கோணமாக இறங்குகிற நிழல், நிழல் தொடுகிற இடத்தில் தலைகுனிந்து நிற்கிற ஒரு பெண். நிற்பது அவருடைய உறவுக்காரப் பெண், சொல்லி நிறுத்தியது. அந்த நிழல் இருட்டறையில் பிறகு அவர் போட்டது, சுவரில் விழவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிழல் வேண்டுமென்று அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடம் விட்டு எடுத்திருக்கிறார். கருப்பு பனியனில் யானைக்கு இடம் விடுகிறவனுக்கு இது புரியும்.

செய்திப் படத்தில் இதைச் செய்தால் மோசடி. அது வேறு.

ஆகஸ்ட் 14

சேமிப்பைத் திறக்காதீர்கள் என்று முதலில் சொன்னேன். கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். திறங்கள், ஆனால் ஒரே ஒரு பொருளை மட்டும் தேடித் திறங்கள்.

மும்பை ஓவியர் சமீர் குலாவூர், ஊரெங்கும் மழைக்கு மூடியிருக்கிற நீலத் தார்ப்பாயை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தொகுப்பு வரைந்தார். தார்ப்பாய் போர்த்திய வண்டி, கடை, கூரை, மூட்டை. உள்ளே இருப்பது என்னவென்று மடிப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு காங்கயத்துக் கொப்பரைக் களங்களில் மழை வந்தால் இழுத்து மூடுகிற தார்ப்பாயை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

உங்களுக்குப் பக்கத்திலேயே பவானி. ஜமக்காளத்தை டிசைன் பாடமாகப் பாருங்கள். தடித்த பருத்தி நூல், கைத்தறி, அதில் நுணுக்கமாகப் பூ வேலை எடுபடாது. அதனால் பட்டைப் பட்டையாகக் கலர், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, நடுவில் மெல்லிய மஞ்சள். எந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்பதில்தான் மொத்த அழகும். வீட்டில் மடித்து வைத்திருக்கிற பழைய ஜமக்காளத்தை விரித்து, பட்டைகளின் அகலத்தை ஸ்கேலால் அளந்து ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. உங்கள் ஆயிரம் படமும் தராதது அதில் கிடைக்கும் என்று எழுத வந்தேன், அது ஓவர். ஏதோ கொஞ்சம் கிடைக்கும்.

ஆகஸ்ட் 17

காப்பி அடிப்பது பற்றிக் கரூர்க்காரர் கேட்டது நல்ல கேள்வி. அவர் கிச்சன் டவல் ஏற்றுமதியில் டிசைன் பார்க்கிறார். "நெட்டில் எடுத்துப் பத்து சதவீதம் மாற்றினால் கேஸ் வராது" என்று அங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறதாம். திருப்பூரிலும் அதே நம்பிக்கைதான், இங்கே இருபது சதவீதம். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு சதவீதம் கிடையாது.

அமெரிக்க போஸ்டர் ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரியின் கதையைச் சொல்கிறேன். 1989-ல் காலேஜில் படிக்கும்போது ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை ஸ்டிக்கராக்கி ஊரெங்கும் ஒட்டி ஆரம்பித்தவர். 2008-ல் ஒபாமா முகத்தைச் சிவப்பு, வெளிர்மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாக வெட்டி ஒரு போஸ்டர் போட்டார். நான்கைந்து கலரில் ஒரு முகத்தை எப்படி முடிக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அந்த முகம் 2006-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக ஒரு புகைப்படக்காரர் எடுத்தது. வழக்கு வந்தது. நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி இல்லாமலே ஓரளவு எடுத்தாளலாம் என்று அவர் வாதாடினார், அதில் விஷயமும் இருந்தது. ஆனால் எந்தப் படத்தை எடுத்தார் என்பதை மறைக்க ஆவணங்களை அழித்தார், பொய்யாகவும் சில தயாரித்தார். 2011-ல் சமரசம், 2012-ல் நீதிமன்றத் தண்டனை. எடுத்ததைவிட மறைத்ததில்தான் மாட்டினார்.

பழகுவதற்குக் காப்பி அடியுங்கள், தாராளமாக. கையால் அடியுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். விற்பதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் இதைச் சொன்னால் வேலை போகும், அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 18

லைக் வரவில்லை என்று வருந்துகிற தம்பிக்கு: விவியன் மேயர் என்று ஒரு அம்மா, சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்கிற வேலை. லட்சத்துக்கு மேல் புகைப்படம் எடுத்தார், ஏறக்குறைய யாருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டாத கிடங்கிலிருந்து 2007-ல் பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2009-ல் இறந்துவிட்டார். இதில் என்ன பாடம் என்று கேட்காதீர்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது, காட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 21

"வரைந்த சுவரை அழித்துவிட்டால்?"

அழிப்பார்கள். எங்கள் ஊரில் பையன்கள் சேர்ந்து ஒரு பொதுச் சுவரில் பனைமரமும் மயிலும் வரைந்தோம். தேர்தல் வந்தது, நன்னடத்தை விதி என்று கட்சி எழுத்தோடு சேர்த்து மயிலுக்கும் வெள்ளையடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மயில் எந்தக் கட்சி என்று கேட்க ஆளில்லை. ஆடி மழைக்கு அந்த வெள்ளை கரைந்து, அடியிலிருந்து மயில் கழுத்தும், அதற்கும் அடியிலிருந்து ஒரு பழைய கட்சிச் சின்னத்தின் ஓரமும் தெரிந்தன. நம்ம ஊர்ச் சுவரில் எப்போதும் மூன்று நான்கு தேர்தல் அடுக்கியிருக்கும். முந்தின தேர்தலுக்கே 'இடம் ரிசர்வ்' என்று எழுதிப் பிடித்து வைத்த சுவரும் உண்டு.

அழிவை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் தெரு ஓவியர்கள் பல வருடம் வரைந்திருந்தார்கள். 2013-ல் கட்டடச் சொந்தக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டார். ஓவியர்கள் 21 பேர் வழக்குப் போட்டு, 2018-ல் 67.5 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார்கள். இடத்தின் சொந்தக்காரரே ஆனாலும் ஓவியத்தை அப்படி அழிக்கக் கூடாது என்று ஆனது. இதற்கு நேர்மாறு ப்ளூ என்ற இத்தாலியச் சுவரோவியர். தெருவிலிருந்து சுவரோவியங்களைப் பெயர்த்தெடுத்து போலோன்யா நகரில் கட்டணக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், 2016-ல் அந்த ஊரில் இருபது வருடமாக வரைந்த தன் சுவர்களையெல்லாம் தானே சாம்பல் நிறம் அடித்து மூடினார்.

எனக்கு ப்ளூவைத்தான் பிடிக்கும் என்று முன்பு பேசிக்கொண்டிருப்பேன். மயில் போன பிறகு அந்த 21 பேர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25

'சிற்பி' என்ற பெயரில் வரைந்த ஓவியரைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். விகடனில் கோயில் சிற்பங்களை வரிசையாக வரைந்த சிற்பி, நாமக்கல்காரர். அவரை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னவர் நாமக்கல் கவிஞர், அவரும் ஓவியர்தான். நீங்கள் சேமித்து வைக்கிற இந்தக் காலத்துப் படங்களில் இது வராது. ஆனால் அவருடைய கோட்டோவியத்தைப் பார்த்துவிட்டு, நாமக்கல் குடைவரையில் நரசிம்மரைப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி கோட்டோவியத்தைப் பாருங்கள். கல்லின் பருமனைப் பேனாவால் எப்படிக் கொண்டுவந்தார் என்பது அப்போது பிடிபடும். டேப்பில் வரைகிறவர்களுக்குத்தான் இதை அவசியமாகச் சொல்வேன்.

கோயம்புத்தூர் போகிறவர்கள் அவினாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரியில் அன்று என்ன கண்காட்சி என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 31

கோபிக்காரர் படம் போட்டிருக்கிறார். பார்த்தீர்களா எல்லாரும்? கோபி வயலில் நாற்று நடுகிற பெண்கள், மூன்றே கலர், கருப்புப் பின்னணி.

குனிந்த முதுகுகளை வரையாமல் கருப்பாகவே விட்டு, சேலை ஓரத்தை மட்டும் கோடாக இழுத்திருக்கிறீர்கள். அது அருமை. மூன்றாவது பெண்ணின் கை மட்டும் எதற்கு அவ்வளவு நுணுக்கம்? விரல் விரலாக வரைந்ததும் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அதையும் மற்றக் கைகள் மாதிரி ஒரே இழுப்பில் விடுங்கள். தண்ணீருக்கு வைத்த வெளிர்நீலம் கருப்புமேல் இவ்வளவு பளிச்சென்று திரையில்தான் வரும். துணியில் அடியில் வெள்ளை கொடுக்க வேண்டிவரும், அப்படியென்றால் நான்கு ஸ்கிரீன். நீலத்தையே எடுத்துவிட்டு, தண்ணீரையும் சேலையின் வெள்ளையாலேயே காட்ட முடியுமா என்று பாருங்கள், இரண்டில் முடிந்துவிடும்.

பனியனில் அடித்துப் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள், இப்போதிருக்கிற மெல்லிசு வலையில் நிற்காது. ஒவ்வொரு கலரையும் தனித்தனிக் கருப்பு ஃபிலிமாக, ஏ3 அளவுக்குள் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் டேபிள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும், முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். ஸ்கிரீன் என் பொறுப்பு. பேஸ்ட்டும் பனியனும் உங்கள் காசு. கூட யாராவது வருவதானால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், டேபிளில் எட்டுப் பீஸுக்குத்தான் இடம்.